செட்டுக்கு நாலு பேர்

எங்கள் ஊரில் ஒரு செட் என்றால் நாலு பேர்.

மற்ற செட்டுகளும் உண்டு. வளையல் செட், டம்ளர் செட், பல்செட், மைக்செட் எல்லாம் எங்கள் கடைத்தெருவிலும் கிடைக்கும். கூடப் படித்தவர்களை ‘எங்க செட்டு’ என்பதும், பேசிவைத்த சம்பந்தம் ஒத்துவராமல் போனால் ‘செட் ஆகல’ என்பதும் எல்லா ஊரிலும் இருப்பதுதான். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தி நேரத்தில் ஒருவர் வாசலில் நின்று, “இன்னும் ரெண்டு செட்டு உக்காரலாம்” என்று குரல் கொடுத்தால், எட்டுப் பேர் உள்ளே போகலாம் என்றுதான் பொருள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் இங்கே இலை போடுவதில்லை. தரையில் விரிப்பு விரித்து, நடுவில் அகலமான வட்டத் தட்டு ஒன்றை வைப்பார்கள். அதற்கு சஹன் என்று பெயர். குவித்த நெய்ச்சோற்றின் மேல் ஆட்டுக்கறி, ஒரு பக்கம் கத்தரிக்காய், சின்னக் கிண்ணத்தில் தால்ச்சா என்கிற பருப்புக் குழம்பு. சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிட வேண்டும். நாலு பேரும் வந்து உட்காராமல் யாரும் கை வைக்கக் கூடாது. நாலு பேரும் முடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது.

பெண்கள் பக்கம் இந்தச் செட்டுகளைப் பிரித்து உட்கார வைக்கும் வேலையை, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஒரு பெண்தான் செய்துவந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை. சம்பளம் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை கொடுக்கும்போதே, “லாத்தா, நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துரணும்” என்பார்கள். லாத்தா என்றால் அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு லாத்தா, என் மாமியாருக்கும் லாத்தா, என் மகளுக்கும் லாத்தாதான். முறை பார்த்துக் கூப்பிட்டவர்கள் யாரையும் எனக்கு நினைவில்லை.

ஒல்லியான உயரமான உருவம். வெளிர் நிறச் சேலை, முக்காட்டின் நுனியை இடுப்பில் இறுகச் செருகியிருப்பார். வலது கை விரல்களிலிருந்து மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை தோல் வெளுத்திருக்கும். இடது கையில் கொஞ்சம், உதட்டோரம் கொஞ்சம். வெண்புள்ளி. அது ஒட்டக்கூடியதல்ல என்று எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. ஆனாலும் ஊருக்கெல்லாம் செட் போட்ட லாத்தா, எந்தக் கல்யாணத்திலும் எந்தச் செட்டிலும் உட்கார்ந்ததில்லை. கடைசிப் பந்தி முடிந்ததும், சமையல் செய்யும் பண்டாரி அவருடைய தூக்குவாளியைக் கேட்காமலேயே நிரப்பி வைத்துவிடுவார். லாத்தா அதை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனியாகச் சாப்பிடுவார். காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொன்னதில்லை. அவர் நிற்பது ஊருக்கு வசதியாக இருந்தது.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். லாத்தா செட் போடும் விதத்தை நான் கவனிக்க ஆரம்பித்தது அதனால்தான். நாலு நாலாக எண்ணி உட்கார வைப்பது யாருக்கும் வரும். கடைசியில் ஒருவரோ இருவரோ மிஞ்சுவார்கள், அவர்களை எங்காவது நெருக்கி உட்கார வைப்போம். லாத்தா எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பிப்பார். கூட்டம் உள்ளே நுழைவதற்கு முன்பே, இன்றைக்கு மிஞ்சப்போகிறவர் யார் என்று பார்த்துவிடுவார். துணைக்கு ஆளில்லாமல் வந்த கிழவி. ஊருக்குப் புதிதாக வந்த மருமகள். பாத்திரம் கழுவ வந்து கதவோரம் நிற்கும் பெண். அவர்களை முதலில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், ஆளுக்கொரு சஹனில் உட்கார வைப்பார். அப்புறம்தான் மற்றவர்கள்.

“மிச்ச ஆள மொதல்ல உக்கார வச்சிட்டா, பெறகு வாரவுகல்லாம் அவுகளுக்குத் துணை. கடைசியில உக்கார வச்சா அவுக எச்சம்” என்று ஒருமுறை சொன்னார்.

அதோடு, ஒரு செட்டில் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர், கொறிக்கிறவர்கள் இரண்டு பேர் என்று கலப்பார். நாலு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் சோறு காணாது, நாலு பேரும் கொறித்தால் மிஞ்சும். சின்னப் பிள்ளைகள் இரண்டு சேர்ந்தால் ஒரு ஆள். கைப்பிள்ளைக்காரி கதவுப்பக்கம், பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு போகத் தோதாக. மணப்பெண் இருக்கும் செட் கை வைத்த பிறகுதான் மற்ற செட்டுகள் கை வைக்க வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த ஒழுங்குதான். அதற்கு முன்னால் பெண்ணின் சஹனுக்குக் கறி வந்து சேர்வதற்குள் அடுத்த வரிசை பாதி முடித்திருக்கும்.

இது எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. இப்போது கல்யாணங்களுக்குத் தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரி சேலை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். செட் சேலை என்று அதற்குப் பெயர். ஒரு கல்யாணத்துக்கு அப்படி நாலு பேர், மயில்கழுத்து நிறத்தில் வந்து நின்றார்கள். நாலு பேரும் என்னிடம் படித்தவர்கள்.

“லாத்தா, நாங்க ஒரே செட்டு. சரியா நாலு பேரு. ஒங்களுக்கு வேலையே வைக்கல” என்றாள் ஒருத்தி.

“சேலை எடுத்தது நீங்க. சஹன் போடுறது நான்” என்றார் லாத்தா. “நீ அங்கன போ. நீ இந்த மாமி பக்கத்துல உக்காரு. நீ நில்லு.”

“நாங்க பேசணும் லாத்தா. பாத்து எவ்வளவு நாளாச்சு.”

“பேசுறதுக்குச் செட்டு வேற. அத மாடியில வச்சுக்கங்க. இது திங்கிறதுக்கு.”

“ஒங்களையெல்லாம் ரேசன் கடையில போட்டிருக்கணும் லாத்தா.”

“போட்டிருந்தா இன்னேரம் ஊருக்கு அரிசி ஒழுங்காக் கெடச்சிருக்கும். போத்தா, போயி உக்காரு.”

நாலு மயில்கழுத்துச் சேலைகளும் மண்டபத்தின் நாலு மூலைக்குப் போயின. அவர்களில் ஒருத்திக்குக் கோபம். எதிரில் உட்கார்ந்திருந்த காதுகேளாத மூதாட்டிக்கு எலும்பை நீக்கிக் கறியைத் தள்ளிவிட்டுக்கொண்டே லாத்தாவை முறைத்தாள். லாத்தா பார்க்காததுபோல் இருந்தார்.

எங்கள் பள்ளியின் சயன்ஸ் டீச்சர் திருவாடானைப் பக்கம் ஓர் உள்கிராமத்துக்காரர். நெல் விவசாயக் குடும்பம். வீட்டில் எல்லோரும் கறி, மீன் சாப்பிடுவார்கள். இவர் மட்டும் சின்ன வயதிலிருந்து தொடுவதில்லை. முதன்முதலாக எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றுக்கு என்னோடு வந்தார். வழக்கப்படி அவருக்கு ஒரு தனித்தட்டில் வெறும் நெய்ச்சோறும் பருப்பும் கொண்டுவந்து, சுவரோரம் நாற்காலி போட்டார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள்.

லாத்தா வந்து பார்த்தார். “டீச்சருக்கு என்னத்துக்குத் தனித்தட்டு?”

“அவுக சைவம் லாத்தா” என்றேன்.

“சைவம்னா தனியாத்தான் திங்கணுமா?”

“இருக்கட்டுங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல” என்றார் சயன்ஸ் டீச்சர்.

லாத்தா அந்தத் தட்டை வாங்கிப் பண்டாரியிடம் கொடுத்தார். கறி வைக்காத ஒரு சஹனைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு உள்ளே வந்துகொண்டிருந்த பெண்களில் மூன்று பேரைப் பிடித்தார். அந்த மூவரில் நானும் ஒருத்தி.

“இது சைவச் செட்டு. உக்காருங்க.”

“லாத்தா, நான் காலையில இருந்து பட்டினி. இந்தக் கறிய நெனச்சுத்தான் வந்தேன்” என்றாள் மூவரில் ஒருத்தி, எங்கள் தெரு மீன் கமிஷன்காரரின் மனைவி.

“ஒரு நாளைக்குக் கறி திங்காட்டி உசுரா போயிரும்? ஒன்னப் பாத்தா போற மாதிரித் தெரியலயே.”

சயன்ஸ் டீச்சருக்குக் கூச்சமாகிவிட்டது. “எனக்காக மூணு பேருங்க...” என்று ஆரம்பித்தார்.

“ஒங்களுக்காக இல்ல டீச்சரு. செட்டுக்காக” என்று சொல்லிவிட்டு லாத்தா அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் கத்தரிக்காயும் பருப்பும் சாப்பிட்டோம். பக்கத்துச் சஹனிலிருந்து வந்த கறி மணத்தைப் பற்றிக் கமிஷன்காரரின் மனைவி கடைசிவரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அதன்பிறகு சயன்ஸ் டீச்சர் வரும் கல்யாணங்களில் சைவச் செட் ஒன்று தானாகவே போடப்பட்டது. அதில் உட்காராமல் தப்பிக்கப் பலரும் அவசரமாகக் கை கழுவப் போவார்கள்.

லாத்தா தவறு செய்ததும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஒரு வலிமா விருந்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியை ஒரு செட்டில் உட்கார வைத்தார். அவளை அந்த வருடம்தான் பக்கத்து ஊரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நிறம் குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்ன பையனின் தாய் நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். லாத்தாவுக்கு அந்த அம்மாவின் முகம் தெரியாது. வெளியூர் ஆள், கொறிக்கிற ஆள் என்று மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியும். ஆனால் நான் அடுத்த சஹனில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தேன், கையும் வைத்தாகிவிட்டது.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் செட் குலைந்துவிடும், மற்ற மூவருக்கும் அவமரியாதை. தலையைக் குனிந்தபடி தன் முன்னால் இருந்த சோற்றில் விரலைவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள். பார்ப்பவர்களுக்கு அவள் சாப்பிடுவதுபோல்தான் தெரிந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்ற லாத்தா திரும்பி, அந்தக் கையையே பார்த்தார். வேகமாக வந்து அவள் தோளைத் தொட்டார்.

“ஒங்க உம்மா கூப்புடுறாக. போ. இங்கன வேற ஆள் உக்காரும்.”

அவளுடைய உம்மா அன்றைக்கு விருந்துக்கே வரவில்லை. நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்ற ஒழுங்கை லாத்தாவே குலைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அவர் கையில் தூக்குவாளி. விவரத்தைச் சொன்னேன்.

“அவ திங்கலைன்னு அவ்வளவு தூரத்துல இருந்து எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“கை போகுது, வாய்க்கு வரல.”

மணல் சாலையில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார்.

“எனக்குக் கல்யாணமாகிப் புதுசு டீச்சரு. வெரல்ல ரெண்டு எடத்துல வெளுத்திருந்துச்சு, அவ்வளவுதான். எங்க மாமியா வழியில ஒரு கல்யாணம். என்கூட உக்காந்த மூணு பேரும் நல்ல மனுசங்க. ஒருத்தியும் மொகஞ்சுளிக்கல, எந்திரிச்சுப் போகல. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாளுக. நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டிருக்கேன். பாதி தின்ன பெறகுதான் தெரியுது, நான் மட்டுந்தான் திங்கிறேன்னு.”

“அப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“தின்னு முடிச்சேன். சோத்த வீணாக்கக் கூடாதுல்ல.”

“அது ஒட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே லாத்தா” என்றேன்.

“எல்லாருக்கும் தெரியும். அவுக கைக்குத்தான் தெரியல.” தூக்குவாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். “நான் உக்காந்தா மூணு பேரு பட்டினி. நான் நின்னா எல்லாரும் திங்கிறாக. நின்னுட்டுப் போறேன்.”

வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஆனால் அவர் வீட்டுத் திருப்பம் வந்ததும், “கல்யாணச் சோறு வீட்டுக்குக் கொண்டுபோனா வேற மாதிரி ஆயிருது டீச்சரு. சூடுபண்ணிப் பாத்துட்டேன், அந்த ருசி வரல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருக்கு உட்கார ஆசை இருந்தது என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கொரோனா காலத்தில் சஹன் நின்றுபோனது. ஐம்பது பேர்தான் வரலாம், ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு பாக்குமட்டைத் தட்டு என்று கல்யாணங்கள் நடந்தன. பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். லாத்தாவுக்கு வேலையில்லை. ஆனாலும் கூப்பிட்டிருந்தார்கள், வந்திருந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

“பாத்தீகளா டீச்சரு, இப்ப ஊரே என் செட்டு.”

உண்மையாகவே சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து என் மகளிடம் இதைச் சொன்னேன். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். “லாத்தா ஏம்மா உக்கார மாட்டேங்குறாங்க?” என்று சின்ன வயதில் அவள் என்னைக் கேட்டிருக்கிறாள், “அவங்களுக்கு வேலை இருக்கும்மா” என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மணல் சாலையில் லாத்தா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

ஊர் பழையபடி கூட ஆரம்பித்த பிறகு, தனித்தட்டுதான் சுத்தம் என்று சிலர் அதையே தொடர்ந்தார்கள், பலர் சஹனுக்குத் திரும்பினார்கள். என் மகளின் கல்யாணம் முடிவானபோது மாப்பிள்ளை வீட்டார் தட்டா, சஹனா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், “சஹன்” என்றாள். பத்திரிகையோடு லாத்தா வீட்டுக்கு அவளே போனாள்.

நிக்காஹ் முடிந்து பந்தி தொடங்கியது. மண்டபத்தின் மாடியில் பெண்கள். லாத்தா வாசலில் நின்று மிச்ச ஆட்களை முதலில் உட்கார வைத்து, பிறகு மற்றவர்களைப் பிரித்து அனுப்பினார். வரிசைகள் நிறைந்தன. நடுவில் மணப்பெண்ணின் சஹன். மகளும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது இடம் காலியாக இருந்தது.

“இங்கன ஒரு ஆள் குறையுதே” என்றார் லாத்தா.

“குறையல லாத்தா. நீங்கதான்” என்றாள் மகள். “உக்காருங்க.”

லாத்தா சிரித்தார். “நான் உக்காந்தா பந்திய யாரு பாக்குறது?”

“பந்திதான் உக்காந்தாச்சே. இனி என்ன பாக்கணும்?”

“வெளாடாத புள்ள. கறி ஆறுது.”

“செட்டு நெறையாம கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க.”

மகளும் தோழிகளும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மூவரும் பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பெண்ணின் செட் கை வைக்காததால் மற்ற வரிசைகளிலும் யாரும் கை வைக்கவில்லை. பேச்சு மெல்ல அடங்கியது. ஒரு பிள்ளை பசிக்கிறது என்று சிணுங்கியது. மாப்பிள்ளையின் உம்மா என்ன நடக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

லாத்தா குனிந்து, மகளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. “கல்யாணப் பொண்ணு சஹன்ல நான் கை வச்சா, மாப்ள வீட்டாளுக என்ன நெனப்பாக? வேணாம்மா.”

“என்ன வேணாலும் நெனக்கட்டும். எனக்குப் பசிக்குது லாத்தா.”

லாத்தா நிமிர்ந்து மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் அப்படிப் பார்ப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆள் கிடைக்காமல் அவருக்கு ஒரு செட்டும் நின்றதில்லை. கோடியில், சைவச் செட்டுக்கு ஆள் சேரட்டும் என்று சயன்ஸ் டீச்சர் காத்துக்கொண்டிருந்தார். லாத்தா போய் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாலாவது இடத்தில் உட்கார வைத்தார். பண்டாரியின் ஆளைப் பார்த்து, “இந்தச் சஹன எடுத்துட்டு, கறி வைக்காத சஹன் ஒண்ணு கொண்டாங்க. பொண்ணு செட்டு இன்னைக்குச் சைவச் செட்டு” என்றார்.

பக்கத்து வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. தோழிகளில் ஒருத்தி, போகிற கறியைக் கண்ணாலேயே வழியனுப்பினாள். புதுச் சஹன் வந்தது. நெய்ச்சோறு, கத்தரிக்காய், பருப்பு.

“நாலு பேரு ஆச்சு. பிஸ்மி சொல்லிக் கை வைங்க” என்றார் லாத்தா. ஜெயித்துவிட்ட முகம்.

மகளுடைய கை மடியிலேயே இருந்தது. அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் பிசகவில்லை. “இப்ப அஞ்சாவது ஆளா உக்காருங்க.”

“அஞ்சு பேருக்குச் செட்டு கெடையாது.”

“அப்ப இது செட்டு இல்ல லாத்தா. சும்மா திங்கிறோம். உக்காருங்க.”

சயன்ஸ் டீச்சர் தன் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். விரிப்பில் ஓர் ஆள் உட்காரும் இடம் வந்தது. அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார். “அன்னைக்கு எனக்காக மூணு பேரக் கறி திங்க விடாம உக்கார வச்சீங்க. அப்ப நான் வேணாம்னு சொன்னத நீங்க கேட்டீங்களா?” என்றார்.

லாத்தா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்ச் செம்பையும் கை கழுவும் படிக்கத்தையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் தயங்கினார். பிறகு கை கழுவினார். வெளுத்த விரல்களின்மேல் நான் தண்ணீர் ஊற்றினேன்.

மண்டியிட்டு, பாதி உட்கார்ந்தும் உட்காராமலும், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பதுபோல உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார்கள். மகள் கை வைத்தாள். வரிசை வரிசையாக மண்டபம் முழுவதும் கை வைத்தது. லாத்தா தன் முன்னால் சஹனின் விளிம்பிலிருந்து நாலு பருக்கையை எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அவர் கண் சோற்றில் இல்லை. எதிரே இருந்த நாலு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

தோழிகள் சாப்பிட்டார்கள். சயன்ஸ் டீச்சர் சாப்பிட்டார். மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கையை நீட்டி, லாத்தாவின் முன்னால், அவர் விரல் பட்ட இடத்தை ஒட்டிக் கிடந்த கத்தரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

லாத்தா இடது கையால் அவள் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். மருதாணி வைத்த கை.

“எம் பக்கம் எதுக்குக் கைய நீட்டுற? ஒம் முன்னால உள்ளதத் தின்னு. கல்யாணம் ஆயிருச்சு, இன்னும் இது வரல.”

“ஒங்க பக்கம்தான் பெரிய துண்டா இருக்கு.”

“வாயப் பாரு.”

சொல்லிவிட்டு, விரல் நுனியில் இருந்ததை வாயில் போட்டார். மென்றார். அடுத்த பிடி பெரியதாக இருந்தது. பிறகு நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். லாத்தா நன்றாகச் சாப்பிடுகிற ஆளா, கொறிக்கிற ஆளா என்று அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுகிற ஆள்.

இப்போது அவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். கல்யாணப் பத்திரிகைகள் அங்கேயும் போகின்றன, முடிந்தால் வருகிறார். அன்றைய பந்தியில் அவர் பேசியதில் கடைசியாக ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறேன். சஹனின் நடுவில் தட்டு தெரிய ஆரம்பித்திருந்தது. லாத்தா நிமிர்ந்து, வழக்கமான அதே குரலில், அடுத்த வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த பண்டாரியின் ஆளைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்கன கொஞ்சம் சோறு வைங்க. காணாது. அஞ்சு பேரு இருக்கோம்.”